மூட்டை கட்டினால் முடிந்துவிடாது: கடற்கரைத் துப்புரவுப் பணியின் முன்னும் பின்னும்

கடற்கரைத் துப்புரவுப் பணி என்பது, தன்னார்வலர்கள் குறித்த நாளில் குறித்த கரைப்பகுதியில் கூடி, அங்கே கிடக்கும் குப்பையைப் பொறுக்கி, வகை பிரித்து, எண்ணி, எடைபோட்டு, உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது. இந்த ஐந்து வேலைகளில் முதல் வேலைதான் புகைப்படங்களில் இடம்பெறுகிறது. பொறுக்கிய குப்பை மறுபடியும் கரைக்கு வருமா, வராதா என்பதை முடிவு செய்பவை மற்ற நான்கும்.

தமிழ்நாட்டின் கடலோரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். சென்னையில் மட்டும் மெரினா, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று விடுமுறை நாட்களின் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கும் குழுக்கள் பல. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், குடியிருப்போர் சங்கத்தினர் எனப் பலதரப்பினரும் அவற்றில் இருக்கிறார்கள். இந்த நல்ல மனதோடு தெளிவான திட்டமும் சேரும்போதுதான் கரைக்கு நிலையான பலன் கிடைக்கிறது. ஒரு குழுவைக் கூட்டுவதிலிருந்து கடைசி மூட்டை கரையைவிட்டுப் போவது வரை அந்தத் திட்டத்தில் அடங்கும்.

எண்ணிக்கையோடு பிறந்த இயக்கம்

1986 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் கடலோரத்தில் 2,800 தன்னார்வலர்கள் கூடி 124 டன் குப்பையை அகற்றினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்கள் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள். குப்பையை எடுப்பதோடு நிறுத்தாமல், என்ன பொருள் எத்தனை கிடைத்தது என்று ஒவ்வொருவரும் எழுதித்தர வேண்டும் என்றார்கள். கப்பல்களிலிருந்து கொட்டப்படும் பொருட்கள் கரையில் எவ்வளவு ஒதுங்குகின்றன என்பதை அந்தப் பட்டியல்கள் காட்டின. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கும் சர்வதேச விதி 1988 டிசம்பர் 31-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி வேண்டும் என்று வாதாடியவர்களுக்குக் கரையில் எடுத்த கணக்கு கைகொடுத்தது.

டெக்சாஸில் தொடங்கியது இன்று சர்வதேசக் கடலோரத் தூய்மை நாளாக, ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. ‘ஓஷன் கன்சர்வன்ஸி’ அமைப்பு இதை வழிநடத்துகிறது. இந்தியாவில் 2006 முதல் கடலோரக் காவல் படை இதை ஒருங்கிணைக்கிறது. 2022-ல் மத்திய அரசு 75 கடற்கரைகளில் 75 நாட்கள் நடத்திய இயக்கமும் அந்த ஆண்டின் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமையில்தான் நிறைவடைந்தது.

ஒருநாள் பணி தொடர் பணியாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையின் வெர்சோவா கடற்கரை சான்று. வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் அங்கே தொடங்கிய வேலை வாரம் தவறாமல் நடந்தது. மீனவர்களும் குடிசைவாசிகளும் திரையுலகினரும் சேர்ந்துகொண்டார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2016-ல் ஷாவுக்கு ‘பூமியின் சாம்பியன்’ விருது வழங்கியது. 2018 மார்ச்சில், பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மணலிலிருந்து ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போயின. சென்னையில் சென்னை ட்ரெக்கிங் கிளப், இந்தியச் சுற்றுச்சூழலியலாளர் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஆயிரக்கணக்கானோரைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

குப்பை வரும் மூன்று வழிகள்

எந்தக் கரையானாலும் வேலையைத் தொடங்கும் முன் அங்கே குப்பை எப்படி வருகிறது என்று பார்த்தாக வேண்டும். பொதுவாக மூன்று வழிகள்.

முதல் வழி, கரைக்கு வருபவர்கள். பஜ்ஜித் தட்டு, தேநீர்க் கோப்பை, ஐஸ்கிரீம் குச்சி, சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், சிகரெட் துண்டு ஆகியவை உலர் மணலில், கடைகளைச் சுற்றியும் படகுகளின் மறைவிலும் கிடக்கும். காணும் பொங்கலுக்கு மறுநாள் மெரினாவில் மாநகராட்சி லாரி லாரியாக அள்ளுவது இந்த வகை. விநாயகர் சிலைகள் கரைக்கப்படும் நாட்களில் பட்டினப்பாக்கம், நீலாங்கரை, காசிமேடு கரைகளில் மரச்சட்டங்களும் துணியும் மாலைகளும் சேர்கின்றன. ராமேஸ்வரத்தில் பக்தர்கள் நீராடிவிட்டுக் கடலிலேயே விட்டுச்செல்லும் துணிகள் தனிப் பிரச்சினை.

இரண்டாவது வழி, ஆறும் கால்வாயும். ஊருக்குள் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வாய்க்காலில் விழுந்த ஷாம்பூ பாக்கெட், மழை வந்ததும் கூவம் வழியாகவோ அடையாறு வழியாகவோ கடலுக்கு வருகிறது. மாத்திரை அட்டை, டயாப்பர், நாப்கின், ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் துண்டு ஆகியவை ஒரு கரையில் அதிகம் கிடைத்தால் அருகில் முகத்துவாரம் இருக்கிறது என்று பொருள். சென்னைக் கடலோர நீரோட்டம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும், தென்மேற்குப் பருவக் காலத்தில் வடக்கு நோக்கியும் ஓடுகிறது. ஆகவே அடையாறு முகத்துவாரத்தில் வெளியேறும் குப்பை மழைக்காலத்தில் பெசன்ட் நகர்ப் பக்கமும், மற்றப் பருவத்தில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் பக்கமும் பெரும்பாலும் ஒதுங்கும். எந்த மாதத்தில் எந்தக் கரையில் இறங்குவது என்பதை முடிவு செய்ய இந்த ஒரு தகவலே போதும்.

மூன்றாவது வழி, கடலே. அறுந்த நைலான் வலை, கயிறு, மிதவை, கப்பல்களிலிருந்து விழுந்த பொருட்கள் அலையோடு வருகின்றன. கைவிடப்பட்ட வலை கடலில் மிதக்கும்வரை மீன்களையும் ஆமைகளையும் சிக்கவைத்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வலையைக் கரையில் அகற்றுவது பல உயிர்களைக் காப்பாற்றும் வேலை.

இவற்றில் நிலத்திலிருந்து வரும் பங்கின் அளவு மலைக்க வைப்பது. 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வின்படி, 2010 என்ற ஒரே ஆண்டில் உலகக் கடலோர நாடுகளிலிருந்து கடலுக்குள் போன பிளாஸ்டிக் 48 லட்சம் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை இருக்கும். கரையில் பொறுக்குவது கடைசிக் கட்டத் தடுப்பு மட்டுமே என்பதை இந்த எண் சொல்கிறது. ஆனாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பொதுமக்கள் நேரடியாகக் கைவைக்க முடிகிறது.

கரை யாருடைய இடம்

கடற்கரைக்கு வந்துபோகிறவர்களுக்கு அது பொழுதுபோக்கும் இடம். மீனவர்களுக்கு அது படகு நிறுத்தும் துறை, வலை பின்னும் களம், மீன் ஏலம் விடும் சந்தை, கருவாடு காயவைக்கும் முற்றம். துப்புரவுப் பணியைத் திட்டமிடும் குழு முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்த ஊர்ப் பெரியவர்களையும் மீனவர் பஞ்சாயத்தையும்தான். எந்த நேரத்தில் படகுகள் கரைக்கு வரும், எங்கே கரைவலை இழுப்பார்கள், எந்தப் பக்கம் அலை இழுக்கும், எங்கே குப்பை சேர்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இதைச் செய்யாமல் இறங்கினால் கைதவறி நடக்கும் காரியங்கள் உண்டு. மணலில் கிடக்கும் பழைய வலை எல்லாம் குப்பை அல்ல. நைந்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்த ஒருவர் வைத்திருக்கலாம். தெர்மாகோல் கட்டைகளும் பிளாஸ்டிக் கேன்களும் வலைக்கு மிதவை. ஈயக் குண்டு கோத்த கயிறு விலை கொடுத்து வாங்கியது. படகுக்குப் பக்கத்திலோ வலைக் குவியலின் மேலோ இருக்கும் எதையும் உரியவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்பது முதல் விதி. மீனவக் குடியிருப்பு அருகில் குப்பை கிடந்தால் அதற்கு அவர்களைக் குறை சொல்வதும் தவறு. குப்பை வண்டியும் கழிப்பறையும் பல குடியிருப்புகளுக்குப் போதுமான அளவில் கிடைப்பதில்லை. அந்த ஊர் மக்களோடு சேர்ந்து வண்டிக்காக மனு கொடுப்பதும் துப்புரவுப் பணியின் பகுதியே.

அடுத்தது அனுமதி. மாநகராட்சி எல்லைக்குள் மண்டல அலுவலகத்துக்கும், ஊராட்சிப் பகுதியில் ஊராட்சி மன்றத்துக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். கூட்டம் அதிகம் வரும் என்றால் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் வனத் துறையின் ஆலோசனை அவசியம். கடிதத்தில் தேதி, நேரம், தொடங்கும் இடம், முடியும் இடம், வருபவர்களின் எண்ணிக்கை, மூட்டைகளை எடுத்துச்செல்ல வண்டி எத்தனை மணிக்குத் தேவை என்ற விவரங்கள் இருந்தால் வேலை சுலபமாகும். அந்தக் கரையில் தினமும் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களிடம் முன்கூட்டியே பேசுவது மரியாதை மட்டுமல்ல, பயனும் தருவது. அவர்கள் நாள்தோறும் எட்டமுடியாத இடங்களை, அதாவது பாறைக் கட்டு இடுக்குகள், முகத்துவாரச் சேறு, புதர் ஓரங்கள் ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டால் இரு தரப்பு உழைப்பும் வீணாகாது.

நாள், நேரம், ஆட்கள், கருவிகள்

சென்னை வெயிலுக்குக் காலை 6 மணி முதல் 8 மணி வரைதான் ஏற்ற நேரம். எட்டரைக்கு மேல் மணல் கொதிக்கத் தொடங்கும், ஆட்கள் களைத்துவிடுவார்கள். கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துத் தேர்ந்தால் அலை ஒதுக்கிய குப்பை முழுவதும் வெளியே தெரியும். பெரிய மழை முடிந்து ஓரிரு நாள் கழித்து இறங்கினால் ஆறு கொண்டுவந்து கொட்டியதை மறுபடி கடல் இழுத்துக்கொள்வதற்குள் எடுத்துவிடலாம்.

எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, வந்தவர்கள் எப்படிப் பிரிக்கப்படுகிறார்கள் என்பது முக்கியம். ஐந்து பேர் கொண்ட குழு நன்றாக வேலை செய்யும்: மூன்று பேர் பொறுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க, ஒருவர் எழுத. ஒவ்வொரு குழுவுக்கும் கயிறு கட்டியோ குச்சி நட்டோ எல்லை காட்டிவிட வேண்டும். எல்லை இல்லாவிட்டால் எல்லோரும் கண்ணில் பெரிதாகப் படும் குப்பையை நோக்கி ஓடுவார்கள், சிறிய துண்டுகள் அப்படியே கிடக்கும். பள்ளிக் குழந்தைகள் வந்தால் பெரியவர் ஒருவரின் பொறுப்பில் சிறு குழுக்களாக, உலர் மணல் பகுதியில் மட்டுமே வேலை கொடுக்க வேண்டும்.

கருவிகள் எளியவை. ரப்பர் பூச்சுள்ள துணிக் கையுறை துவைத்து மறுபடி பயன்படும். ஒரு முறை போட்டுக் கழற்றி எறியும் மெல்லிய கையுறை தானே குப்பையாகிறது. அரிசி, சிமெண்ட் வந்த பழைய சாக்குகளே போதும், புதிய பிளாஸ்டிக் பைகள் வேண்டாம். வலை அறுக்க அரிவாளோ நல்ல கத்தரிக்கோலோ, புதைந்ததைத் தோண்ட மண்வெட்டி, தெர்மாகோல் துகள்களுக்குச் சல்லடை, தொங்கவிடும் தராசு, எழுதும் அட்டை, முதலுதவிப் பெட்டி ஆகியவை வேண்டும். உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் மூடியுள்ள கெட்டியான டப்பா தனியாக இருக்க வேண்டும். குடிநீரைப் பெரிய கேனில் வைத்து, அவரவர் பாட்டில் கொண்டுவரச் சொல்லலாம். ஃப்ளெக்ஸ் பேனரும், ஒரு நாள் மட்டும் உடுத்தும் பனியனும், பிளாஸ்டிக் உறையில் சிற்றுண்டியும் கொடுத்து நடத்தும் துப்புரவுப் பணி தன் நோக்கத்துக்கே எதிராகப் போகிறது. நன்கொடை தர முன்வரும் நிறுவனங்களிடம் அந்தப் பணத்தைச் சல்லடைக்கும் வண்டி வாடகைக்கும் கேட்டு வாங்குவது நல்லது.

கரையில் இரண்டு மணி நேரம்

தொடங்கும் முன் பத்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டும். செருப்போ ஷூவோ இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கடலுக்கு முதுகைக் காட்டிக் குனியக் கூடாது; வங்கக் கடலின் அலை சொல்லாமல் வந்து இழுக்கும். முழங்கால் தண்ணீரில்கூட இறங்கிப் பொறுக்க வேண்டாம். மூடிய கேன், அடையாளம் தெரியாத ரசாயன டப்பா, சிலிண்டர் போன்றவை கிடைத்தால் தொடாமல் பொறுப்பாளரை அழைக்க வேண்டும். ஊசியை ஒருவர் மட்டும், இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட வேண்டும்.

நூறு மீட்டர் கரையை எடுத்துக்கொண்டால் குப்பை மூன்று வரிகளாகக் கிடப்பது தெரியும். நீரோரத்தில் ஈரமணலில் வலைத்துண்டும் துணியும். சற்று மேலே, கடைசி உயர் அலை விட்டுச்சென்ற கோட்டில் மூடிகள், ஸ்ட்ரா, மாத்திரை அட்டை, தெர்மாகோல் மணிகள், கடற்பாசியோடு பின்னிக்கொண்ட நூல். அதற்கும் மேலே உலர் மணலிலும் கொடிகளின் ஓரத்திலும் காற்று கொண்டுவந்த பைகளும் பாக்கெட்டுகளும். அலைக் கோட்டில்தான் நேரம் அதிகம் செலவிட வேண்டும். ஓர் ஆமையோ பறவையோ விழுங்கக்கூடிய அளவிலான துண்டுகள் அங்கேதான் மிகுதி. நடந்துகொண்டே பொறுக்கினால் அவை கண்ணில் படாது. குந்தி உட்கார்ந்து, கை எட்டும் தூரத்தை முடித்துவிட்டு நகர வேண்டும்.

மணலில் புதைந்த துணியை இழுத்தால் கிழியும், முதுகும் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மணலைத் தோண்டித் தளர்த்தி, மணலை உதறிவிட்டு எடுப்பதே முறை. எல்லாப் பொருட்களுக்கும் இந்த உதறல் அவசியம். உதறாமல் கட்டிய மூட்டையின் எடையில் கணிசமான பங்கு மணலாக இருக்கும். எடைக் கணக்கு பொய்யாகும், கரையின் மணலும் குப்பைக் கிடங்குக்குப் போகும்.

தொடக் கூடாதவை

கரையில் கிடப்பதில் கடலுக்கே சொந்தமானவை பல. கடற்பாசி, கிளிஞ்சல், காய்ந்த மரக்கட்டை, இறந்த மீன் ஆகியவை நண்டுகளுக்கும் பறவைகளுக்கும் இரை. மட்கி மணலுக்கு உரமாகின்றன. மணல்மேட்டில் படரும் அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து நிறுத்துபவை. அவற்றின் மேல் நடப்பதும், பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவற்றைப் பிடுங்குவதும் கரையை அரிப்புக்குத் திறந்துவிடும். கனரக இயந்திரங்களால் கரையைச் சீவிச் சல்லடையிட்டால் குப்பையோடு இந்த உயிர்ச்சூழலும் போய்விடுகிறது. உயிருள்ள கரையில் மனிதக் கைக்கு ஈடு வேறில்லை.

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை சென்னைக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. ஒரு கூட்டில் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கும். பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவு நேரத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது. இந்த மாதங்களில் ஆழமாகத் தோண்டுவதும், இரவில் விளக்கு வைத்துக் குப்பை எடுப்பதும், வண்டியை மணலில் இறக்குவதும் கூடாது. ஆமைத் தடமோ கூடோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைச் சுற்றி எல்லை போட்டுவிட்டு வனத் துறைக்குச் சொல்ல வேண்டும். இறந்த ஆமையையும் புதைத்துவிடாமல் தகவல் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, காரணத்தை அறிய அந்த உடல்களின் பரிசோதனைதான் வழிகாட்டியது.

எண்ணுவதன் பயன்

எடை மட்டும் போதாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. ஒரு கண்ணாடி பாட்டிலின் எடைக்கு நூற்றுக்கணக்கான சிகரெட் துண்டுகள் வேண்டும். ஆனால் அந்தத் துண்டில் பஞ்சு என்று தோன்றுவது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை இழை. அதில் தங்கிய நச்சு நீரில் கரைகிறது. உலக அளவிலான தூய்மை நாள் கணக்கில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டுதான். 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் முதன்முறையாக உணவுப் பொட்டல உறை அதை முந்தியது. எண்ணியதால்தான் இந்த மாற்றம் தெரிந்தது.

உள்ளூர்க் குழு ஒன்று செய்யத்தக்க முறை இது: கரையில் 100 மீட்டர் பகுதி ஒன்றை நிரந்தரமாகக் குறித்துக்கொண்டு, மாதம் ஒரு முறை அதே பகுதியில், அதே பட்டியலை வைத்து எண்ணுவது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் தங்கள் ஓஸ்பார் உடன்படிக்கையின் கீழ் இந்த 100 மீட்டர் முறையைத்தான் பின்பற்றுகின்றன. பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பாட்டில், மூடி, கோப்பை, ஸ்ட்ரா, பை, பாக்கெட் உறை, சாஷே, சிகரெட் துண்டு, வலையும் கயிறும், தெர்மாகோல், கண்ணாடி, துணி, மருத்துவக் கழிவு என்று பத்துப் பதினைந்து வகைகள் போதும். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணினால் பள்ளிப் பிள்ளைகளும் பிழையின்றி எழுதுவார்கள். உறைகளில் உள்ள நிறுவனப் பெயரையும் குறித்தால் எந்த நிறுவனத்தின் உறை கரையில் மிகுதி என்று சொல்ல முடியும். ‘பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக்’ இயக்கம் 2018 முதல் பல நாடுகளில் இந்தக் கணக்கை எடுத்து வெளியிட்டு வருகிறது.

கிடைத்த கணக்கு நோட்டுப் புத்தகத்தில் உறங்கக் கூடாது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கடற்கரைக் குப்பை பற்றிய ஆய்வுகளை நடத்துகிறது. மாநகராட்சிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், வார்டு உறுப்பினருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்க அறிக்கை கொடுத்தால், எங்கே தொட்டி வைப்பது, எந்தக் கடைக்கு எச்சரிக்கை கொடுப்பது என்ற முடிவுகளுக்கு அது ஆதாரமாகும்.

மூட்டை போகும் இடம்

துப்புரவுப் பணியில் அதிகம் கவனிக்கப்படாத கட்டம் இதுதான். கட்டிய மூட்டைகள் மாலைவரை கரையிலேயே கிடந்தால் நாய்களும் மாடுகளும் கிழித்துவிடும், காற்று மறுபடி பரப்பிவிடும். எனவே வண்டி உறுதியான பிறகே தேதி குறிக்க வேண்டும். வண்டி வரும் இடம் சாலையோரத்தில், அலை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

பிரிக்காத மூட்டை நேராகக் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். சென்னையின் இரண்டு பெரிய கிடங்குகள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ளன. பெருங்குடிக் கிடங்கு, 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. கடலிலிருந்து எடுத்த குப்பையைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் சேர்ப்பது இயற்கைக்கு லாபம் இல்லாத மாற்றம். ஆகவே கரையிலேயே நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும். பெட் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி ஆகியவை காயலான் கடைக்கும் மறுசுழற்சி மையத்துக்கும் போகும். உப்பும் மணலும் படிந்த பொருளைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்குவதால் பாட்டில்களை உதறி உலர்த்திக் கொடுக்க வேண்டும். இரண்டாவது குவியல், மறுசுழற்சிக்கு ஆகாத உறைகள். அவற்றைச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் ஏற்பாடு மாநகராட்சியிடம் உண்டா என்று கேட்டு ஒப்படைக்கலாம். மூன்றாவது, ஊசி, மருந்து, நாப்கின் போன்றவை; இவை தனியாக, அடையாளமிட்டு உரிய பணியாளரிடம் மட்டும் தரப்பட வேண்டும். நான்காவது, வலையும் கயிறும். கரையில் எதையும் எரிக்கக் கூடாது. பிளாஸ்டிக் புகை நுரையீரலுக்குள் போகும், உருகிய கட்டி மணலில் தங்கும்.

1950 முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் 830 கோடி டன் என்றும், கழிவாகிப்போன பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதமே என்றும் 2017-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கரையில் கவனமாகப் பிரித்த ஒவ்வொரு மூட்டையும் அந்த ஒன்பதை உயர்த்தும் சிறு முயற்சி.

விபத்துக் காலங்கள்

சில நேரங்களில் குப்பை என்ற சொல்லுக்கு அடங்காத அழிவு கரைக்கு வருகிறது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் கறுத்த குழம்பை வாளியால் அள்ளினார்கள். 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மூலப்பொருள் மணிகள் இலங்கையின் மேற்குக் கரையில் பரவின. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோதும் அதே வகை வெள்ளை மணிகள் கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின.

பயறு அளவே உள்ள இந்த மணிகளைக் கையால் பொறுக்க முடியாது. மேல் மணலை அள்ளிச் சல்லடையில் சலித்தோ, வாளி நீரில் கலந்து மிதப்பவற்றை வடித்தோதான் பிரிக்க வேண்டும். எண்ணெயும் ரசாயனமும் கலந்த கரையில் தன்னார்வலர்கள் தாங்களாக இறங்கக் கூடாது. கடலோரக் காவல் படையும் மாவட்ட நிர்வாகமும் பாதுகாப்பு உடை, முகக் கவசம், பயிற்சி ஆகியவற்றை உறுதி செய்த பிறகே பங்கேற்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் கூடிப் பழகிய குழு ஒன்று அந்தக் கரையில் ஏற்கெனவே இருந்தால், நெருக்கடியில் நிர்வாகம் யாரை அழைப்பது என்று தேட வேண்டியிருக்காது.

வேரைத் தொடும் வேலை

துப்புரவுப் பணியை நிறுத்த வேண்டிய நாள் வருமா என்பது கரைக்கு வெளியே எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. நாடு தழுவிய தடை 2022 ஜூலை 1-ல் வந்தது. ஆனால் சாஷேயும் சிப்ஸ் உறையும் அந்த நாடு தழுவிய தடைப் பட்டியலில் இல்லை. சாஷேயை மக்களிடம் கொண்டுசேர்த்த முன்னோடிகளில் ஒருவர் கடலூர்த் தொழில்முனைவோர் சின்னிகிருஷ்ணன். ஏழைகளுக்கும் ஷாம்பூ எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த பொருள் அது. காலியான உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்று 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. 2022-ல் அதற்கு இலக்குகளும் வகுக்கப்பட்டன. அந்த இலக்கு எட்டப்படுகிறதா என்பதைக் கரையில் கிடைக்கும் உறைகளின் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

பலன் தந்த வழிகளும் கண்முன் இருக்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022-ல் நீலகிரியில் தொடங்கிய டாஸ்மாக் பாட்டில் திட்டத்தில், வாங்கும்போது கூடுதலாக 10 ரூபாய் செலுத்தி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். கைக்குப் பணம் வரும் என்றால் பாட்டில் தரையில் தங்காது. இத்திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்திருக்கிறது. சென்னையின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் குறுக்கே கட்டிய மிதவைத் தடுப்புகள் குப்பை கடலை அடையும் முன்பே நிறுத்தி அள்ள உதவுகின்றன. காணும் பொங்கல் அன்றே கரையில் நின்று, வருபவர்களிடம் பை கொடுத்துக் குப்பையைத் திரும்ப வாங்கும் தன்னார்வலர், மறுநாள் மணலில் குனிந்து பொறுக்குபவரைவிட அதிகம் சாதிக்கிறார்.

ஆகவே ஒரு கடற்கரைக் குழுவின் ஆண்டுத் திட்டத்தில் துப்புரவு நாட்களோடு வேறு சில வேலைகளும் இடம்பெற வேண்டும்: கரையோரக் கடைக்காரர்களோடு பேசி எவர்சில்வர் தட்டுக்கும் தையல் இலைக்கும் மாற்றுவது, பள்ளிகளில் கணக்கைக் காட்டி விளக்குவது, மீனவக் குடியிருப்புக்குக் குப்பை வண்டி கேட்பது, பழைய வலையை வாங்கிக்கொள்ள ஒரு மையம் அமைப்பது. மாதத்தின் ஒரே ஞாயிறை மாற்றாமல் வைத்துக்கொண்டு பத்துப் பேர் தொடர்ந்து வந்தால், ஆண்டுக்கொரு முறை திரளும் ஆயிரம் பேருக்கு எட்டாத கணக்கு அவர்கள் கையில் சேரும். அந்த 100 மீட்டரில் போன ஆண்டு இதே மாதம் எண்ணியதைவிட இந்த ஆண்டு குறைந்திருந்தால் ஊர் மாறத் தொடங்கியிருக்கிறது. குறையாவிட்டால், அடுத்த மனுவை எந்த அலுவலகத்துக்கு எழுதுவது, எந்தக் கடையோடு பேசுவது, எந்த வாய்க்காலுக்குத் தடுப்பு கேட்பது என்பதற்கு அந்தப் பட்டியலிலேயே விடை இருக்கிறது.